குளிர்ந்த நெற்றி

“தொட்டுப் பாரு டீச்சர், ஜில்லுனு கீது. சொரம் அடிக்கிற ஒடம்பு இப்டியா—”

“அதைத்தான் நானும் கேக்கறேன். ஏன் ஜில்லுனு இருக்கு, காலங்காத்தால நெத்தி ஏன்—”

“சூடா கீதுன்னாலும் உள்ள வுடமாட்ட, ஜில்லுனு கீதுன்னாலும் வுடமாட்ட. எப்டி இருந்தா வுடுவ, அத்தயாவது சொல்லு—”

“எல்லாப் பொண்ணுங்களும் எப்படி இருக்கோ அப்படி. தொண்ணூத்தி ஏழு.”

பள்ளிக்கூடத்தின் இரும்புக் கதவு பாதி திறந்திருந்தது. உள்பக்கம், கதவின் கம்பியைப் பிடித்தபடி கணக்கு டீச்சர் டெபோரா. வெளிப்பக்கம் அங்கம்மா, டோல்கேட் முனையில் மீன் விற்பவள், முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு. இரண்டு பேருக்கும் நடுவில், தரையில் சுண்ணாம்பால் போட்ட வட்டத்தைவிட்டுப் பிசகாமல் நின்றாள் அங்கம்மாவின் மகள் சௌமியா, பன்னிரண்டாம் வகுப்பு. அவளுக்குப் பின்னால் வட்டத்துக்கு ஒருத்தியாக இன்னும் பத்துப் பன்னிரண்டு பெண்கள். யாருக்கும் அவசரமில்லை. ஒன்றரை வருஷம் செல்போனில் பாடம் பார்த்துச் சலித்த கண்களுக்கு நேரில் ஒரு சண்டை பார்க்கக் கிடைத்தது.

சண்டைக்குக் காரணம் பக்ருதீன் பாயின் கையில் இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பள்ளியின் வாட்ச்மேன் அவர். சுவர் ஏறிக் குதிக்கும் பெண்களைப் பிடிப்பதுதான் அதுவரை பெரிய வேலை. செப்டம்பர் முதல் தேதி, புதன்கிழமை, கொரோனாவின் இரண்டாம் அலைக்குப் பிறகு பள்ளி திறந்த அன்று அவர் கையில் ஒரு வெள்ளைத் துப்பாக்கியைக் கொடுத்தார்கள். நெற்றிக்கு நேராகப் பிடித்து அழுத்தினால் உடம்புச் சூட்டை எண்ணாகக் காட்டும். நூறைத் தாண்டினால் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். குறைவாகக் காட்டினால் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

பாதிப் பேர் இன்றைக்கு, பாதிப் பேர் நாளைக்கு என்று பள்ளி நடந்ததால் சௌமியா ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தாள். திறந்த புதன்கிழமையே அவளுக்குத் தொண்ணூற்று மூன்று. வெள்ளிக்கிழமை தொண்ணூற்று ஒன்று. இன்று திங்கள்கிழமை எண்ணே வரவில்லை. ‘லோ’ என்று இரண்டு இங்கிலீஷ் எழுத்து வந்து நின்றது. பாய் துப்பாக்கியைச் சட்டையில் துடைத்தார். தன் நெற்றியில் வைத்துப் பார்த்தார், அடுத்த வட்டத்துப் பெண்ணின் நெற்றியில் வைத்துப் பார்த்தார், ஒழுங்காகக் காட்டியது. சௌமியாவிடம் திரும்பினால் மறுபடி ‘லோ’. மணிக்கட்டில் வைத்தால் தொண்ணூற்று நான்கு. இந்த எழுத்தை இதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருப்பதாகவும், அது குல்ஃபிக்காரன் பெட்டியின்மேல் விளையாட்டாக அழுத்தியபோது என்றும் பாய் சொன்னார். பெண்கள் சிரித்தார்கள். டெபோரா சிரிக்கவில்லை.

அவள் மனசில் ஒரு கணக்கு ஓடியது. ஆசிரியைகளின் வாட்சாப் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள்: ஏதோ ஒரு பள்ளியில் காய்ச்சலோடு வந்த பிள்ளை, வாசலுக்கு வருமுன் ஈரக் கைக்குட்டையை நெற்றியில் ஒற்றி ஒற்றித் துப்பாக்கியை ஏமாற்றியதாம். நெற்றி குளிர்ந்திருக்கிறது என்றால் யாரோ குளிர வைத்திருக்கிறார்கள். குளிர வைத்திருக்கிறார்கள் என்றால் மறைக்க அங்கே என்னவோ இருக்கிறது.

மே மாதம் அவளுடைய தம்பி நோயல் இப்படித்தான் மறைத்தான். ராயபுரத்து வீட்டில் ஒரே கூரையின்கீழ் இருந்துகொண்டு, “ஒண்ணுமில்லக்கா, ஒடம்பு வலி” என்று ஐந்து நாள் சொன்னான். ஆறாம் நாள் ஆட்டோவில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ்களுக்குப் பின்னால் அந்த ஆட்டோ நின்றது வரைக்கும்தான் அவளுக்கு நினைவிருக்கிறது. அதற்கப்புறம் நடந்ததையெல்லாம், அவனை அடக்கம் செய்தது வரைக்கும், மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். அன்றிலிருந்து ‘ஒண்ணுமில்ல’ என்று யார் சொன்னாலும் அவள் நம்புவதில்லை. அங்கம்மா இந்தக் காலையில் அதை நாலு தடவை சொல்லிவிட்டாள்.

இப்போது ஐந்தாவது தடவையும் சொன்னாள். சொன்னதோடு நிற்காமல் பாயின் முன்னால் போய்த் தன் நெற்றியைக் காட்டினாள். எனக்கும் வைத்துப் பார், சுரக்காரி வீடு என்று டீச்சர் நினைக்கிறாளே, அவள் கண்ணாலேயே பார்க்கட்டும் என்றாள். பாய் தயங்கி டெபோராவைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். அழுத்தினார். தொண்ணூற்று ஏழு புள்ளி நான்கு.

“பாத்துக்கினியா,” என்றாள் அங்கம்மா. “பத்து வருசமா எங்கையால மீனு வாங்கித் துன்ற டீச்சர் நீ. எம் பேச்சு மட்டும் ஒனக்குப் பொய்யா பூட்ச்சா?”

“போன மாசம் குடுத்தியே சங்கரா, அதுவும் உன் கையாலதான் வாங்குனேன். கொழம்பைத் தெறந்தா வூடே நாறிப்போச்சு. அப்படியே கொண்டுபோய்க் கொட்டினேன்.”

வரிசையில் இரண்டு பெண்கள் களுக்கென்றார்கள். டோல்கேட்டில் அங்கம்மாவின் மீனைக் குறை சொன்னவர்கள் தப்பித்துப் போனதில்லை; வாங்கியவரின் சட்டியிலிருந்து சமைத்தவரின் கைப்பக்குவம் வரைக்கும் இழுத்துப் போட்டுவிடுவாள். இன்றைக்கு அவள் சட்டென்று மகள் பக்கம் திரும்பினாள். மகளின் புத்தகப்பையைச் சரி செய்வதுபோல அதன் பட்டையை இழுத்து விட்டாள்.

சத்தம் கேட்டுத் தலைமையாசிரியை ரமாபாய் வந்தார். முகக்கவசத்தின்மேல் இன்னொரு முகக்கவசம், அதற்குமேல் கண்ணாடித்தாள் தடுப்பு. அவர் பேசியது பாதி கேட்டது, பாதி உள்ளேயே தங்கிவிட்டது. கேட்டவரைக்கும் விஷயம் இதுதான். சந்தேகம் என்று வந்துவிட்டால் உள்ளே விட முடியாது. முதலுதவிப் பெட்டியில் பழைய தெர்மாமீட்டர் இருக்கிறது, ஆனால் ஒருத்தர் வாயில் வைத்ததை இன்னொருத்தர் வாயில் வைக்கக்கூடாது என்று உத்தரவு. ஆகவே மாநகராட்சி முகாமில் மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதனை எடுத்து, ரிசல்ட்டோடு வரட்டும். ஒரு பெண்ணுக்கு வந்துவிட்டால் அந்த வகுப்பு இருபது பேரும் வீட்டுக்குப் போக வேண்டும். பொதுத்தேர்வு வருஷம் வேறு. வீட்டில் யாருக்கும் எந்த நோயும் இல்லை என்று ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர் அங்கம்மாதானே என்றும் ஒரு வார்த்தை கேட்டு வைத்தார்.

போட்டேன் என்றாள் அங்கம்மா. டெஸ்ட்டெல்லாம் எடுக்க முடியாது என்றாள்.

“ஏன் முடியாது?” என்றாள் டெபோரா. “ஒண்ணுமில்லன்னா எடுத்துட்டு வந்து காட்டிட்டுப் போயேன்.”

“குச்சி வுடுவான். நாலு நாள் கழிச்சு போன் பண்ணி கீதும்பான். அப்றம் தகரம் அட்ச்சிடுவான். தகரம்னா இன்னான்னு ஒனக்குத் தெரியுமா டீச்சர்? வெளிய நின்னு பாத்திருப்ப. நான் உள்ள இருந்து பாத்தவ.”

அது பொய்யில்லை. முதல் அலையில் அவள் தெருவில் ஒரு கிழவருக்கு வந்தது. மறுநாள் சந்து முனையில் இரண்டு சவுக்குக் கழி நட்டு, குறுக்கே தகரத்தை வைத்து ஆணி அடித்துவிட்டுப் போனார்கள். உள்ளே முப்பத்தாறு குடும்பம். பதினாலு நாள். அரிசியும் பருப்பும் தகரத்துக்குமேல் கை மாறின. தகரத்தைப் பிரித்தபின்தான் உண்மையான தண்டனை தொடங்கியது. டோல்கேட் முனையில் கூடையை இறக்கினால் வழக்கமாக வாங்குகிறவர்கள் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார்கள். தகரத்துத் தெரு மீன் என்று பெயரே வைத்துவிட்டார்கள். அந்தப் பெயர் உதிர மூன்று மாதம் ஆனது.

ஆனால் அங்கம்மாவுக்கு இன்றைய பயம் மீன் விற்காது என்பதல்ல. அவள் குப்பத்தில் சௌமியாவின் வகுப்பில் படித்தவர்கள் ஆறு பெண்கள். பள்ளி திறந்தபோது திரும்பி வந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்திக்குக் கல்யாணமாகிவிட்டது. மூன்று பேர் இறால் உரிக்கும் எறாக் கொட்டகையில் உட்கார்ந்தவர்கள், எழுந்திருக்கவில்லை. சௌமியாவும் அங்கே எட்டு மாதம் உட்கார்ந்தவள்தான். வீட்டில் இருந்த ஒரே போன் அப்பா பொன்னுரங்கத்தோடு லாஞ்சில் கடலுக்குப் போய்விட, பாடமும் அதோடு போய்விட்டது. எறா முள் குத்திக் குத்தி விரல் நுனியெல்லாம் வெடித்து, பேனா பிடிக்க வராமல் அவள் அழுத ஒருநாள் அங்கம்மா போய்க் கொட்டகைக்காரனிடம், இனிமேல் இவள் வரமாட்டாள் என்று சொல்லிக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். இப்போதும் அவன் ஆள் அனுப்பிக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான். இன்றைக்குத் திருப்பி அனுப்பினால் பதினாலு நாள். பதினாலு நாள் வீட்டில் இருக்கும் பெண்ணை யார் சும்மா விடுவார்கள்? மகள் மறுபடி அந்தக் கொட்டகைப் பலகையில் உட்கார்ந்தால் இந்த வாசலுக்குத் திரும்பி வரமாட்டாள் என்பது அங்கம்மாவுக்கு நிச்சயம்.

அதை அவள் இந்த வாசலில் சொல்லவில்லை. தகரத்தைப் பற்றியே பேசினாள். அதனால் டெபோராவுக்குச் சந்தேகம்தான் கூடியது. பயப்பட ஒன்றுமில்லாதவள் இத்தனை தூரம் ஏன் பயப்பட வேண்டும்?

அவள் கதவைத் தாண்டி வெளியே வந்தாள். சௌமியாவைத் தனியாக, மதில் ஓரமாகக் கூப்பிட்டாள். அங்கம்மா கூடவே வந்தாள். நீ அங்கேயே நில் என்றாள் டெபோரா. என் பெண்ணிடம் பேச நான் இருக்கக்கூடாதா என்றாள் அங்கம்மா. பாய் நடுவில் புகுந்து, தங்கச்சி, ஒரு நிமிஷம் என்று கையை விரித்து மறித்தார்.

பக்கத்தில் பார்த்தபோது பெண்ணின் முன்நெற்றி முடி ஈரமாக இருந்தது. கண்களில் காய்ச்சல் களை இல்லை. இடது காதுக்குப் பின்னால் என்னவோ மின்னியது. டெபோரா விரலால் எடுத்துப் பார்த்தாள். ஒரு மீன் செதில், கிழங்கானோ மத்தியோ, அவ்வளவு சின்னது. புத்தகப்பையின் ஓரத்தில் ஒரு நைட்டி சுருட்டிச் செருகியிருந்தது. அதிலிருந்து தண்ணீர் சொட்டிப் பையின் அடி நனைந்திருந்தது.

“இது என்ன சௌமியா?”

“ஐஸு மிஸ்,” என்றாள் பெண்.

“வாய மூடு,” என்றது அம்மாவின் குரல், பாயின் கைக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

ஆனால் பெண் வாயை மூடவில்லை. ஆரம்பித்துவிட்டவளுக்கு நிறுத்தத் தெரியவில்லை, அல்லது நிறுத்த மனமில்லை. காலையில் ஐந்து மணிக்குக் காசிமேட்டுத் துறைமுகத்துக்குப் போகிறாள். மீன் எடுத்து, அன்னக்கூடையில் அடுக்கி, மேலே இரண்டு அள்ளு ஐஸ் போட்டு, தலையில் சும்மாடு வைத்து டோல்கேட் வரைக்கும் தூக்கி வருகிறாள். மீன் தண்ணீர் சொட்டும் என்று ஷேர் ஆட்டோக்காரர்கள் ஏற்றிக்கொள்வதில்லை. ஐஸ் உருகி உருகி நெற்றியில்தான் வடியும். யூனிஃபார்ம் நனையக்கூடாது என்று மேலே நைட்டி போட்டுக்கொள்கிறாள். முனைக்கு வந்ததும் நைட்டியைக் கழற்றிவிட்டு, அங்கே குழாய் கிடையாது என்பதால், கூடையில் மிச்சமிருக்கும் ஐஸை எடுத்து முகத்திலும் கையிலும் நன்றாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டு ஓடி வருகிறாள். இன்றைக்கு நேரமாகிவிட்டதால் நேராக அங்கிருந்து இங்கே.

“தேய்க்கலன்னா கவிச்சி போவாது மிஸ். பக்கத்துல ஒக்கார்றவங்க மூஞ்சத் திருப்பிக்குவாங்க.”

டெபோரா விரலிலிருந்த செதிலைத் தட்டிவிட்டாள். மூன்று நாளாக அவள் பார்த்தது தந்திரமில்லை. வகுப்பில் மீன் வாடை அடிக்கக்கூடாது என்று ஒரு பெண் ஐஸ்கட்டியால் முகம் கழுவியிருக்கிறாள். அவ்வளவுதான்.

தலைமையாசிரியையே சிரித்துவிட்டார். கண்ணாடித்தாளுக்குள் ஆவி படிந்தது. அப்படியானால் கொஞ்ச நேரம் வெயிலில் உட்காரட்டும், சூடு ஏறினால் உள்ளே விடுங்கள், ஏறாவிட்டால் என்னைக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு அறைக்குப் போய்விட்டார். மற்ற பெண்களை பாய் ஒவ்வொருவராகச் சுட்டு உள்ளே அனுப்பத் தொடங்கினார். சௌமியா கதவுக்கு வெளியே இருந்த சிமெண்டுத் திட்டில் வெயிலைப் பார்த்து உட்கார்ந்தாள்.

பெண்ணின் நெற்றி காயக் கால் மணி நேரம் ஆகும். அந்த நேரம் பேசாமல் போயிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். டெபோராவால் பேசாமல் இருக்க முடியவில்லை. முதலில் நல்லபடியாகத்தான் கேட்டாள். முதலிலேயே ஐஸ் என்று சொல்லியிருக்கலாமே, இத்தனை சத்தம் எதற்கு? அங்கம்மா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, எம் பொண்ணு தலையில கூடை ஏறாது என்று குப்பம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன், இப்போது ஊருக்கே தெரிந்துபோயிற்று என்றாள். அது டெபோராவுக்குப் புரிந்தது. புரிந்தபின் அடுத்த கேள்வி தானாக வந்தது. அப்படிச் சொன்னவள் ஏன் ஏற்றினாள்? நீ ஏன் தூக்கவில்லை?

கழுத்து வலி என்றாள் அங்கம்மா. கழுத்தைத் தொட்டும் காட்டினாள். பிறகு முட்டியும் வலிக்கிறது என்று சேர்த்துக்கொண்டாள்.

“முட்டி வலிச்சா காசிமேட்டுக்குப் போகாம வீட்ல இருப்பியா?”

“அம்மாவும் கூட வரும் மிஸ்,” என்றாள் திட்டிலிருந்து சௌமியா. “கைய வீசிகினு வரும்.”

“எத்தனை நாளா?”

“அஞ்சாறு நாளா,” என்றாள் அம்மா.

“மூணு வாரமா,” என்றாள் பெண்.

இரண்டு பதிலும் ஒரே நேரத்தில் வந்தன. அங்கம்மா மகளைப் பார்த்தாள். மகள் பையின் பட்டையைப் பார்த்தாள். பாய் கடைசிப் பெண்ணையும் உள்ளே அனுப்பிவிட்டு, துப்பாக்கியோடு இவர்கள் பக்கம் வந்து நின்றார்.

காசிமேட்டில் ஏலம் எப்படி என்று டெபோராவுக்குத் தெரியும். ராயபுரத்தில் பிறந்தவள், சின்ன வயதில் அப்பாவோடு போயிருக்கிறாள். மீனைக் குவியலாகத் தரையில் கொட்டுவார்கள். விலை சொல்லி முடிப்பதற்குள் குனிந்து, செவுளைத் திறந்து சிவப்பைப் பார்த்து, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து, எடுப்பதா விடுவதா என்று முடிவு செய்ய வேண்டும். செவுளுக்குச் சாயம் தடவி ஏமாற்றுகிறவர்கள் உண்டு, ஐஸ் போட்டுப் பழசைப் புதுசாக்குகிறவர்கள் உண்டு. அங்கம்மாவை யாரும் ஏமாற்றியதில்லை. இரண்டு கூடை தள்ளி நின்றே, அது நேத்தைய மீன் என்று சொல்லிவிடுவாள். டெபோரா பத்து வருஷமாக அவளிடம் வாங்கியதே அதற்காகத்தான்.

ஏலத்தில் நின்று மீனை எடுப்பது யார் என்று அவள் சாதாரணமாகக் கேட்டாள்.

“வெலை அம்மா பேசும்,” என்றாள் சௌமியா. அவள் குரலில் கொஞ்சம் பெருமை. “எந்தக் குவியல்னு சொல்றது நான்தான் மிஸ். மோந்து பாத்து சொல்வேன்.”

“தொழில் கத்துக்கட்டும்னுதான்,” என்றாள் அங்கம்மா சட்டென்று.

“கூடையே ஏறக்கூடாதுன்ன. இப்ப தொழில் கத்துக்கட்டும்ங்கற.”

“நீ இன்னா டீச்சர், போலீசா? அதான் ஐஸுன்னு சொல்லிட்ச்சே. சொரமில்ல, ஒண்ணுமில்ல.”

ஆறாவது தடவை.

அப்போதுதான் காற்று திரும்பியது. அந்தப் பக்கத்தில் வருஷத்துக்கு நாலு தடவையாவது இப்படி நடக்கும். எண்ணெய் ஆலைகள் இருக்கும் மணலிப் பக்கமிருந்து மேல்காற்று அடித்தால் அழுகின முட்டையும் பெட்ரோலும் சேர்ந்தாற்போல ஒரு நெடி வந்து தெருவையே மூடும். இந்த முறை வந்ததற்கு முகக்கவசமெல்லாம் ஒரு பொருட்டேயில்லை. பக்ருதீன் பாய் முகக்கவசத்தின்மேல் கையையும் வைத்து அழுத்திக்கொண்டு இருமினார். உள்ளே முதல் மாடியில் ஜன்னல்களைப் படபடவென்று சாத்தினார்கள். ரோட்டில் டூவீலரில் போனவன் புறங்கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு கையால் ஓட்டினான். டெபோராவுக்குக் கண்ணில் நீர் வந்தது.

அங்கம்மா பேசிக்கொண்டிருந்தாள். முகக்கவசம் இன்னும் தாடையில்தான் இருந்தது. கழுத்து வலிக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போனதையும், அங்கே வரிசை எத்தனை நீளம் என்பதையும், டாக்டர் கழுத்துக்குப் பட்டை போடச் சொன்னதையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். நடுநடுவே ஆழமாக மூச்சு இழுத்துக்கொண்டாள். முகம் சுளிக்கவில்லை. ஒரு தடவை பாயைப் பார்த்து, உனக்கு என்ன இருமல், முதலில் நீ போய் டெஸ்ட் எடு என்று கேலியும் செய்தாள்.

சிமெண்டுத் திட்டில் சௌமியா நிமிர்ந்து உட்கார்ந்தாள். டீச்சரைப் பார்க்கவில்லை. அம்மாவின் கண் தன் பக்கம் வரும்வரை காத்திருந்து, விரலை மெல்ல உயர்த்தித் தன் மூக்கைத் தொட்டாள்.

அங்கம்மாவின் பேச்சு பாதியில் நின்றது. மகளைப் பார்த்தாள், பாயின் கையைப் பார்த்தாள், சாத்தின ஜன்னல்களைப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்து மூக்கை மூடிக்கொண்டாள்.

கொரோனா வந்தால் சிலருக்குக் காய்ச்சல் இருக்காது, இருமல் இருக்காது, மூக்கு மட்டும் போய்விடும் என்று அந்த வருஷம் தெரியாதவர்கள் இல்லை. அப்படிப் போன மூக்கு ஆள் தேறிய பிறகும் மாதக்கணக்கில் திரும்பாமல் இருப்பதும் உண்டு. டெபோரா நின்ற இடத்திலேயே நின்றாள். பெண் சொன்னதுபோல மூன்று வாரம் என்றால், வந்தது வந்து போய்விட்டது. இனி யாருக்கும் ஒட்டாது. இந்தப் பெண் உள்ளே போய் உட்காரலாம். அம்மா சொன்னதுபோல ஐந்தாறு நாள் என்றால், நோய் இன்னும் அந்த வீட்டில் இருக்கிறது. அம்மாவும் மகளும் ஒரே பாயில் படுக்கும் வீடு. இரண்டில் எது உண்மை என்று துப்பாக்கி சொல்லாது. அந்த இரண்டு பதிலுக்கும் நடுவில்தான் அவளுடைய வகுப்பின் இருபது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பொய் சொல்லிப் பழகிய வாயிலிருந்து வருவதை நம்புவதா? மகளை மறுபடி எறாக் கொட்டகைக்கு அனுப்பப் பயந்துதான் அந்த வாய் பொய் சொல்கிறது என்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் என்ன செய்திருப்பாள் என்று சொல்வதற்கில்லை.

“வாம்மா, பாப்போம்,” என்று பாய் கூப்பிட்டார். சௌமியா எழுந்து வந்து வட்டத்துக்குள் நின்றாள். நெற்றியில் முடி காய்ந்து பறந்தது. அவர் அழுத்தினார். தொண்ணூற்று ஏழு. சொல்லிவிட்டு எல்லோருக்கும் தெரியும்படி துப்பாக்கியைத் திருப்பிக் காட்டினார். தொண்ணூற்று ஏழேதான்.

“போ, போ, மொத பீரியடு ஆரம்ச்சிருப்பாங்க,” என்றாள் அங்கம்மா முந்தானைக்குள்ளிருந்து. மகளின் முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

சௌமியா ஒரு காலைக் கதவுக்குள் எடுத்து வைத்தாள். டெபோரா கையை நீட்டிக் கதவின் கம்பியைப் பிடித்தாள். வழியை மறிக்கவில்லை, விடவுமில்லை. அவள் பார்த்தது பெண்ணை அல்ல. கோபம் வந்தால்தான் அவள் வாயில் ராயபுரத்துப் பேச்சு வரும். இப்போது கோபமில்லாமலே வந்தது, மிகவும் மெதுவாக.

“அங்கம்மா, முந்தானைய எட்த்துட்டு ஒரே ஒரு வார்த்த சொல்லு. இப்ப காத்துல இன்னா வாடை வருது?”